கோட்டையைத் தாண்டிப் போகிறவர்கள்: ‘டாக்டர் ஹூ’ பயணத்தோழர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘டாக்டர் ஹூ’ பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பி.பி.சி. தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர் இது. 1989இல் நின்றுபோய், 2005இல் மறுபடி உயிர் பெற்றது. டார்டிஸ் என்னும் நீலநிறப் போலீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டு காலம், வெளி எல்லாவற்றையும் சுற்றிவரும் வேற்றுக்கிரகவாசிதான் டாக்டர். அவரோடு போகும் மனிதர்களைப் பயணத்தோழர்கள் என்கிறேன். பூமிக்கு ஆபத்து வரும்போது அரசாங்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, இவர்கள் எந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறார்கள் என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. கதை முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. அது பிடிக்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தக் கதையிலிருந்து தொடங்குவது?

2005 ஏப்ரல் 16, 23 ஆகிய தேதிகளில் ஒளிபரப்பான இரட்டைக் கதையிலிருந்து. முதல் பாதி ‘ஏலியன்ஸ் ஆஃப் லண்டன்’, இரண்டாம் பாதி ‘வேர்ல்ட் வார் த்ரீ’. எழுதியவர் ரஸ்ஸல் டி. டேவிஸ். டாக்டராகக் கிறிஸ்டோபர் எக்கல்ஸ்டன், ரோஸ் டைலராக பில்லி பைப்பர்.

ஒரு விண்கலம் பிக் பென் கடிகாரக் கோபுரத்தை இடித்துக்கொண்டு தேம்ஸ் நதியில் விழுகிறது. நாடே ஸ்தம்பித்துப் போகிறது. பிரதமரைக் காணவில்லை, அமைச்சர்கள் நகரத்துக்குள் வர முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அருகில் இருந்த ஒரே ஆள் என்பதால் ஜோசப் கிரீன் என்பவர் தற்காலிகப் பிரதமர் ஆகிறார். அதுவரை அவர் வகித்த பதவி என்ன தெரியுமா? ஏற்றுமதியாகும் மிட்டாய் வகைகளில் சர்க்கரையின் தரத்தைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுவின் தலைவர். அந்தப் பதவியின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு விண்கலமே வந்து இறங்கிவிடும்.

அந்த கிரீன் மனிதரே அல்ல என்பது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. ஸ்லிதீன் என்ற வேற்றுக்கிரகக் குடும்பத்தார், பதவியில் இருப்பவர்களைக் கொன்று அவர்களின் தோலைப் போர்த்திக்கொண்டு பிரதமர் இல்லத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். உலகப் போரை மூட்டி, பூமியை அணுக்கதிர் வீசும் கரித்துண்டாக்கி, எரிபொருளாக விற்பதுதான் அவர்களின் வியாபாரத் திட்டம்.

அதிகாரிகளிடம் முறைப்படி தகவல் கொடுத்திருக்கலாமே?

கொடுத்தார்கள். அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ரோஸின் தாய் ஜாக்கி, தொலைக்காட்சியில் அறிவித்த அவசர எண்ணுக்குப் போன் செய்து, டாக்டரைப் பற்றியும் நீலப் பெட்டியைப் பற்றியும் சொல்கிறார். எந்தக் கணினியோ அந்தச் சொற்களைப் பிடித்துக்கொள்கிறது. எச்சரிக்கை மணி அடிக்கிறது. படை வந்து இறங்குகிறது. அந்த மட்டில் நிர்வாகம் கச்சிதமாகவே வேலை செய்கிறது. அடுத்ததாக, ஜாக்கியிடம் வாக்குமூலம் வாங்க ஓர் உயர் போலீஸ் அதிகாரி வீட்டுக்கே வருகிறார். அவரும் ஒரு ஸ்லிதீன். புகாரை வாங்கிக்கொள்ள வந்தவரே புகாருக்குரியவர்!

இதோடு நிற்கவில்லை. வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றித் தெரிந்த நிபுணர்களையெல்லாம் பிரதமர் இல்லத்துக்கு அழைத்து, ஆளுக்கொரு அடையாள அட்டை கொடுத்து உட்கார வைக்கிறார்கள். அட்டையைக் கழுத்தில் மாட்டாமல் உள்ளே போக முடியாது. கூட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அந்த அட்டைகள் வழியாகவே மின்சாரம் பாய்ச்சி அத்தனை பேரையும் கொன்றுவிடுகிறார்கள். பிறகு அவசரகால நடைமுறைக் கோப்பைப் புரட்டினால், யாரை அழைக்க வேண்டும் என்று அதில் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் உள்ளவர்கள் எல்லாரும் கீழ்த்தளத்தில் பிணமாகக் கிடக்கிறார்கள்.

பிறகு உலகத்தைக் காப்பாற்றியது யார்?

மிக்கி ஸ்மித். ரோஸின் காதலன், வாகனப் பட்டறைத் தொழிலாளி. நோயல் கிளார்க் நடித்த பாத்திரம்.

மிக்கியின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டு வருவதாக நினைத்த ரோஸ், டாக்டரின் கணக்குப் பிழையால் பன்னிரண்டு மாதம் கழித்து வருகிறாள். அந்த ஓராண்டும் அவளைக் கொன்றுவிட்டான் என்ற சந்தேகம் மிக்கியின் மேல். ஐந்து தடவை போலீஸ் விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறது. அக்கம்பக்கத்தார் பேசிய பேச்சு தனி. அந்த ஓராண்டில்தான் அவன் இணையத்தில் டாக்டரைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறான். அரசின் சந்தேகப் பட்டியலில் இருந்தவன் கையில்தான் கடைசியில் அரசின் ஏவுகணை வந்து சேர்கிறது.

டாக்டர், ரோஸ், நாடாளுமன்ற உறுப்பினர் ஹாரியட் ஜோன்ஸ் ஆகிய மூவரும் அமைச்சரவை அறைக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். எஃகுத் தகடுகள் சன்னலையும் கதவையும் மூடிவிட்டன. ஒரு போன் மட்டும் வேலை செய்கிறது. போனில் டாக்டர் சொல்லச் சொல்ல, மிக்கி தன் வீட்டுக் கணினியில் யூனிட் என்ற அமைப்பின் இணையதளத்தில் நுழைகிறான். கடவுச்சொல் ‘பஃபலோ’. கேட்கிற இடத்திலெல்லாம் அதே சொல்! எருமை என்ற அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, பிளிமத் கடற்கரையோரம் நின்ற நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பிரதமர் இல்லத்தின் மேல் ஏவுகணையை விடுகிறான். இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை என்பேன். கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கும் மேசைகளை நாம் பார்க்காததா?

வினிகரால் வேற்றுக்கிரகவாசியைக் கொல்வது அபத்தமாக இல்லையா?

அபத்தம்தான், ஆனால் கணக்கோடு செய்த அபத்தம். ஸ்லிதீன்களின் உடல் கால்சியத்தால் ஆனது என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார். கால்சியத்தைக் கரைக்க அமிலம் வேண்டும். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். முட்டையை வினிகரில் ஊறப்போட்டால் ஓடு கரைகிறதல்லவா, அதேதான். ஜாக்கி சமையல் அலமாரியைத் திறந்து, ஊறவைத்த வெங்காயம், வெள்ளரிக்காய், முட்டை என்று கைக்குக் கிடைத்த புட்டிகளையெல்லாம் ஒரு பாத்திரத்தில் கொட்டி, உள்ளே பாயும் ஸ்லிதீனின் முகத்தில் வீசுகிறார். அது வெடித்துச் சிதறுகிறது. நாட்டின் பாதுகாப்பு இரண்டு நிமிடத்துக்குச் சமையலறைக்கு இடம் மாறிவிடுகிறது.

ஏவுகணைக்கு உத்தரவிட ஹாரியட் ஜோன்ஸுக்கு என்ன அதிகாரம்?

சட்டப்படி ஒன்றுமில்லை. ஹாரியட், ஃப்ளைடேல் நார்த் தொகுதியின் பின்வரிசை உறுப்பினர். நடித்தவர் பெனலோப் வில்ட்டன். அன்று அவர் வந்ததே சிறிய ஊர் மருத்துவமனைகள் பற்றிய மனுவைப் பிரதமரிடம் கொடுக்கத்தான். விண்கலம் விழுந்த பிறகும் மனுவை விடாமல் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் காத்திருக்கிறார். பார்ப்பவரிடமெல்லாம் அடையாள அட்டையை நீட்டித் தன் பெயரையும் தொகுதியையும் சொல்கிறார். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பின்னால் அவர் பிரதமரான பிறகுதான் எல்லாரும் ‘தெரியும்’ என்பார்கள். மனு கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாரையும் அவரிடம் நாம் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஏவுகணை விட்டால் ரோஸும் சாகக்கூடும் என்பதால் டாக்டர் தயங்குகிறார். அப்போது ஹாரியட் குறுக்கிட்டு, இந்த அறையில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவள் நான் ஒருத்திதான், ஆகவே முடிவு என்னுடையது என்கிறார். அதிகாரப் படிநிலையில் தனக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரியும். அந்தப் படிநிலைக்கு அடியில் இருக்கிற ஓட்டுப்பெட்டியை நேராகச் சுட்டிக்காட்டுகிறார். டாக்டரின் சாமர்த்தியப் பேச்சுகளையெல்லாம்விட இந்த ஒரு காட்சி எனக்குப் பெரிது.

ஏவுகணை வருவதற்குள் மூவரும் அறையிலிருந்த ஒரு சிறிய அலமாரி அறைக்குள் ஒடுங்கிக்கொண்டு பிழைத்துவிடுகிறார்கள்.

நிஜத்தில் அப்படி ஓர் ஏவுகணையை விட முடியுமா?

முடியாது. கதையில் சொல்லப்படும் சப்-ஹார்ப்பூன் உண்மையான ஆயுதம்தான். ஆனால் கப்பல்களைத் தாக்குவதற்கானது. அது பாயும் தூரம் சுமார் 130 கிலோமீட்டர். பிளிமத்திலிருந்து லண்டன் 300 கிலோமீட்டருக்கு மேல். அணுகுண்டுக்கான குறியீடு ஐ.நா.விடம் இருப்பதாகக் கதை சொல்வதும் கற்பனையே. உண்மையில் ஒவ்வொரு பிரிட்டிஷ் பிரதமரும் பதவியேற்றவுடன் தன் கைப்பட நான்கு கடிதங்கள் எழுதி, டிரைடென்ட் அணு ஏவுகணை சுமக்கும் நான்கு நீர்மூழ்கிக் கப்பல்களின் பெட்டகங்களில் வைக்கச் செய்கிறார். அரசே அழிந்துபோனால் திறந்து படிப்பதற்கான கடிதங்கள். பதவி விலகினால் பிரிக்காமலே அழித்துவிடுவார்கள். எந்தக் கதாசிரியரும் எழுதத் துணியாத அலுவலக நடைமுறை அது.

ஒன்றை மட்டும் டேவிஸ் கற்பனை செய்யவில்லை. வேற்றுக்கிரகவாசிகளிடம் 45 விநாடியில் ஏவக்கூடிய பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக ஸ்லிதீன் பிரதமர் தொலைக்காட்சியில் புளுகுகிறார். ஈராக் 45 நிமிடத்தில் பேரழிவு ஆயுதங்களைப் பயன்படுத்த முடியும் என்று 2002 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு அறிக்கை வெளியிட்டிருந்தது. 2005இல் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

யூனிட்டும் அரசு அமைப்புதானே? அது ஏன் பயன்படவில்லை?

யூனிட் 1968இல் ‘தி இன்வேஷன்’ கதையில் அறிமுகமானது, ஐ.நா.வின் கீழ் இயங்கும் படை. அதன் தலைவர் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டாக நிக்கோலஸ் கோர்ட்னி நடித்தார். 1970களின் முதல் பாதியில் மூன்றாம் டாக்டர் (சாகும் நிலையில் டாக்டர் புது உருவம் எடுப்பார், நடிகரும் மாறுவார்; எண் அந்த வரிசையைச் சொல்வது) அங்கேயே அறிவியல் ஆலோசகர் என்ற பெயரில் குப்பை கொட்டினார். 2005 கதையில் யூனிட்டின் நிபுணர்களும் அந்த அடையாள அட்டைக் கூட்டத்தில் இறந்துவிட்டார்கள் என்பதுதான் நேரடியான பதில்.

பழைய தொடரிலும் அதிகாரிகள் இப்படித்தானா?

இன்னும் மோசம். ‘தி கிளாஸ் ஆஃப் ஆக்சோஸ்’ (1971) கதையில் சின் என்ற அமைச்சக அதிகாரி, வேற்றுக்கிரகவாசிகள் தரும் அதிசயப் பொருளுக்கு பிரிட்டன் மட்டுமே உரிமை கொண்டாட வேண்டும் என்று பேரம் பேசுகிறார். அது உலகத்தின் உயிரையே உறிஞ்சும் பொருள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிகிறது. ‘தி ஸீ டெவில்ஸ்’ (1972) கதையில் வாக்கர் என்றொருவர் வருகிறார். கடலடியில் இருக்கும் இனத்தின் மேல் குண்டு போடச் சொல்லிக்கொண்டே காலைச் சிற்றுண்டியில் குறியாக இருப்பார். அவரைப் பார்த்தால் நமக்கு யாராவது நினைவுக்கு வராமல் போகாது.

ஆனால் அந்தக் காலத்துத் தோழி ஜோ கிராண்ட் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தது எப்படி? மேலிடத்தில் இருந்த மாமாவின் சிபாரிசு. டாக்டருக்கு ஒரு விஞ்ஞானி வேண்டும். வந்தவள் பூட்டுத் திறக்கத் தெரிந்த பெண். சிபாரிசில் வந்தவள் என்று ஒதுக்க நினைத்தவர்களை அவள் எத்தனை தடவை காப்பாற்றினாள் என்பதற்குக் கணக்கில்லை.

அலுவலகத்தை எதிர்க்காமல் அலுவலக அறிவைக் கொண்டே ஜெயித்தவர்கள் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டோனா நோபிள் (கேதரின் டேட்). ‘தி சொன்டாரன் ஸ்ட்ராட்டஜம்’, 2008. கார்களின் புகையை நீக்கும் கருவி செய்யும் தொழிற்சாலையை யூனிட் படை முற்றுகையிடுகிறது. துப்பாக்கிகள், லாரிகள், கட்டளைகள். டாக்டர் இயந்திரங்களை ஆராய்கிறார். டோனா அந்தப் பக்கமே போகாமல், நேரே பணியாளர் பிரிவுக்குப் போய் ஒரு கோப்போடு திரும்புகிறாள். திறந்து காட்டினால் உள்ளே ஒன்றுமே இல்லை.

அது உடல்நலமின்மைக்காக எடுக்கும் விடுப்புக்கான கோப்பு. இத்தனை பெரிய தொழிற்சாலையில் ஒருவர்கூட ஒருநாளும் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்ததில்லை என்றால் அங்கே வேலை செய்பவர்கள் சரியாக இல்லை என்று அர்த்தம். டோனா லண்டனில் அலுவலகம் அலுவலகமாகத் தற்காலிக வேலை பார்த்தவள். எந்தக் கோப்பு எதைச் சொல்லும் என்று படைத்தளபதிக்குத் தெரியாது, காலப்பிரபு (டைம் லார்ட்) இனத்தவரான டாக்டருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். நான் முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் விடுப்புப் பதிவேட்டை வைத்திருந்த அம்மாளுக்கு, எந்த வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது, எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் மேலாளரைவிட ஒரு வாரம் முன்னாலேயே தெரியும்.

இந்தத் தொடரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். நிர்வாகத்தைத் தாண்டிப் போகிறவர்கள் வெளியிலிருந்து குதிக்கும் வீரர்கள் அல்லர். பெரும்பாலும் அதன் கடைசிப்படியில் நின்றவர்கள்: தற்காலிக ஊழியர், பின்வரிசை உறுப்பினர், விசாரணைக்கு அலைந்தவன்.

இதே கருவை இன்னும் கடுமையாகச் சொன்ன கதை எது?

‘டார்ச்வுட்: சில்ட்ரன் ஆஃப் எர்த்’. ‘டாக்டர் ஹூ’விலிருந்து கிளைத்த தொடர், வேற்றுக்கிரக ஆபத்துகளைக் கையாளும் டார்ச்வுட் என்ற ரகசிய அமைப்பைப் பற்றியது. 2009 ஜூலை 6 முதல் 10 வரை தொடர்ந்து ஐந்து இரவுகளில் பி.பி.சி.யில் வந்தது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கக் கூடாது.

உலகக் குழந்தைகள் அத்தனை பேரும் ஒரே நொடியில் அசைவற்று நிற்கிறார்கள். நாங்கள் வருகிறோம் என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். 456 என்று அலைவரிசை எண்ணால் அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசிகள், உலகக் குழந்தைகளில் பத்து சதவீதத்தைக் கேட்கிறார்கள். எதற்கு? குழந்தைகளின் உடலில் சுரக்கும் ரசாயனம் அவர்களுக்குப் போதை. 1965இல் புதுவகை இன்ஃபுளுவென்சாவுக்கு மருந்து பெற, பிரிட்டிஷ் அரசே 12 குழந்தைகளை இவர்களிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த ரகசியம் தெரிந்தவர்களைத் தீர்த்துக்கட்ட வேண்டும். உள்துறையின் நிரந்தரச் செயலர் ஃப்ரோபிஷரிடமிருந்து ஒரு வெற்றுத் தாள் போகிறது. எழுத்து எதுவும் இல்லாத அந்தத் தாள்தான் கொலை உத்தரவு. கோப்பில் தடயமே மிஞ்சாது. ஃப்ரோபிஷராக நடித்த பீட்டர் கபால்டி பிறகு பன்னிரண்டாம் டாக்டர் ஆனார் என்பது வேடிக்கை.

நான் மறக்க முடியாமல் தவிக்கும் காட்சி அமைச்சரவைக் கூட்டம். யாரும் கத்துவதில்லை. தேநீர் குடிக்கும் குரலில் பேசுகிறார்கள். குழந்தைகள் என்று சொல்லாமல் ‘அலகுகள்’ என்கிறார்கள். குலுக்கல் முறையா, வேறு முறையா என்று யோசித்து, தேர்ச்சி விகிதத்தில் கடைசியில் இருக்கும் பள்ளிகளிலிருந்து எடுக்கலாம் என்று முடிவாகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு.

இதை வெளியே கொண்டுவருவது லோயிஸ் ஹபீபா. உள்துறையில் தற்காலிக உதவியாளராக அன்றுதான் சேர்ந்த பெண். தனக்கு மேலே இருப்பவரின் கடவுச்சொல்லைக் கொண்டு பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறாள். டார்ச்வுட் குழுவினர் கொடுத்த, கேமரா பொருத்திய கண்வில்லைகளை அணிந்துகொண்டு கூட்டத்தில் குறிப்பெடுப்பவளாக உட்காருகிறாள். குறிப்பெடுக்கும் பெண்ணின் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? அவளைக் கைது செய்த பிறகு, முப்பது வருடம் விசுவாசமாக உழைத்தது போன்ற முகத்தோடு வரும் செயலாளர் பிரிட்ஜெட் ஸ்பியர்ஸ் அதே வில்லைகளை அணிந்து பிரதமரின் பேச்சைப் பதிவு செய்கிறார்.

அப்படியானால் விதியை மீறினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறதா இந்தத் தொடர்?

இல்லை. ‘சில்ட்ரன் ஆஃப் எர்த்’தில் டார்ச்வுட் குழுவினர் திட்டமே இல்லாமல் 456 முன்னால் போய் நின்று சவால் விடுகிறார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் கூண்டோடு சாகிறார்கள். ரசிகர்களின் செல்லப்பிள்ளை இயான்டோவும் அதில் ஒருவன். கடைசியில் உலகத்தைக் காப்பாற்ற, குழுவின் தலைவர் கேப்டன் ஜாக் தன் பேரனையே பலி கொடுக்கிறார். அவரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஹாரியட்டின் கதையும் இருக்கிறது. 2005 கிறிஸ்துமஸ் அன்று வந்த கதையில் அவரே பிரதமர். தோற்றுத் திரும்பிப் போகும் சிக்கராக்ஸ் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் கப்பலை டார்ச்வுட்டைக் கொண்டு சுட்டு வீழ்த்துகிறார். டாக்டர் எப்போதும் பூமியில் இருக்க மாட்டார், எங்களை நாங்களே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். கோபம் கொண்ட டாக்டர், உதவியாளரின் காதில், பிரதமர் களைத்துப்போய்த் தெரிகிறாரே என்று ஆங்கிலத்தில் ஆறு சொற்களை ஓதிவிட்டுப் போகிறார். அதோடு ஆட்சி கவிழ்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரை வதந்தியால் வீழ்த்தியது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. டாக்டர் செய்தாலும் தவறு தவறுதான். மூன்றாண்டு கழித்து ‘தி ஸ்டோலன் எர்த்’தில், பதவி போய் வீட்டில் இருக்கும் ஹாரியட் தான் உருவாக்கிய ரகசிய வலையமைப்பின் மூலம் பழைய தோழர்களையெல்லாம் ஒன்று சேர்க்கிறார். டாக்டரின் பழைய எதிரிகளான டாலெக்குகள் வாசலில் வந்து நிற்கும்போது எழுந்து அடையாள அட்டையை நீட்டுகிறார். அவையும் ‘தெரியும்’ என்கின்றன.

நிஜத்தில் இதற்கென்று அலுவலகம் ஏதாவது இருக்கிறதா?

இருந்தது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் பறக்கும் தட்டு பற்றிய தகவல்களுக்கென்றே தொலைபேசி எண் வைத்திருந்தது. செலவுக்கு ஏற்ற பயனில்லை என்று 2009 இறுதியில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். 1989இல் சர்வதேச விண்வெளி ஆய்வுக் கழகம், வேற்றுக்கிரகச் சமிக்ஞை கிடைத்தால் என்ன செய்வது என்று நெறிமுறைகள் வகுத்தது: முதலில் சரிபார், பிறகு மற்ற விஞ்ஞானிகளிடம் சொல், கலந்து பேசாமல் பதில் அனுப்பாதே. சட்ட வலு இல்லாத உடன்பாடு அது. 2010இல், வியன்னாவில் உள்ள ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத் தலைவர் மஸ்லான் ஒத்மான்தான் வேற்றுக்கிரகவாசிகளுக்கான தூதராகப் போகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. மலேசிய வானியற்பியலாளரான அவர் அதை மறுத்துவிட்டார்.

இந்திர கணேஷ் என்று ஒரு பாத்திரம் வருகிறதே, தமிழரா?

அவர் வரும் அந்த 2005 கதையில் சொல்லப்படவில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் இளநிலைச் செயலாளர்; நடித்தவர் நவின் சௌத்ரி. ஹாரியட்டிடம் கொஞ்சமாவது மரியாதையாகப் பேசுபவர் அவர். கதை முடியும் முன்பே கொல்லப்பட்டுவிடுகிறார். கீழ்நிலை ஊழியர்கள் எல்லாருக்கும் லோயிஸின் அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

இவ்வளவு செய்த மிக்கி ஏன் டார்டிஸில் ஏறவில்லை?

டாக்டர் அழைக்கிறார். தன்னால் அந்த வாழ்க்கையைத் தாங்க முடியாது என்று மிக்கி தனியாக ஒப்புக்கொள்கிறான். ரோஸிடம் சொல்ல வேண்டாம் என்கிறான். அவள் கேட்கும்போது, மிக்கி எனக்குச் சுமை என்று சொல்லி டாக்டர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். பிறகு 2006இல் அவன் ஏறுவது வேறு கதை.

அன்றைய செய்தித்தாள், விண்கலம் வந்ததெல்லாம் புரளி என்று தலைப்புப் போட்டிருக்கிறது. காலத்தில் எங்கே போனாலும் பத்தே விநாடியில் திரும்பிவிட முடியும் என்று தாயிடம் சொல்லிவிட்டு ரோஸ் புறப்படுகிறாள். பெட்டி மறைகிறது. ஜாக்கி கைக்கடிகாரத்தைப் பார்த்து நிற்கிறார். பத்து விநாடி ஆனதும் வீட்டைப் பார்த்து நடக்கிறார். மிக்கி குப்பைத் தொட்டியின் மேல் உட்கார்ந்து அந்தச் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருக்கிறான்.